இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் பயிற்சி: சொந்த வண்டியில் போய் வந்த கதை

கியர்மாறி (சென்னை) | ஞாயிறு இரவு 10.12

நேற்று இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் கார் ஓட்டும் பயிற்சிக்குப் போய் வந்தேன். போகப்போகிறேன் என்று போன மாதமே இங்கே பீற்றிக்கொண்டேன். இதனால் ரோட்டில் நிதானம் வருமா, திமிர் வருமா என்று அப்போதே கேட்டவர் சோழவரம் சார். எழுதாமல் விட்டால் சும்மா விடமாட்டார். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் தெரியாதவர்களுக்கு: பெங்களூர் ஹைவேயில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால், ஹூண்டாய் ஃபேக்டரி இருக்கிற அதே ஊர். சுற்று 3.7 கி.மீ., 12 வளைவுகள். வளைவுகளுக்குப் பேரெல்லாம் கிடையாது. சி1, சி2 என்று நம்பர்தான். அந்த வழியாக எத்தனையோ தடவை காஞ்சிபுரம் போயிருக்கிறேன், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

வண்டி ஆறு வருஷ ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல். ஓட்டுகிறவனுக்குப் பதினாலு வருஷ அனுபவம். பக்கத்து வீட்டுக் கேட்டுத் தூணைத் தவிர யார்மேலும் உரசியதில்லை. அந்தத் திமிரோடுதான் போனேன்.

காலை 7 மணிக்கு வண்டிச் சோதனை. உள்ளே ஆடக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்று ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். டாஷ்போர்டுப் பிள்ளையார் மட்டும் வரவில்லை. ஃபெவிக்விக் போட்டு ஒட்டியது. இன்ஸ்ட்ரக்டர் ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டு, "அவர் இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் அரைமணி நேரம் உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். நான் சீட்டைப் பின்னால் சாய்த்து, ஒரு கை ஸ்டியரிங் உச்சியில், இன்னொரு கை கியரில் என்று ஈசிசேர் தாத்தா மாதிரி ஓட்டுகிறவன். கிளட்சை முழுசாக மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் உச்சியில் படவேண்டும். இரண்டு கையும் கடிகாரத்தில் ஒன்பதே கால் காட்டுகிற மாதிரி. சீட்டை நாலு விரற்கடை முன்னால் தள்ளியதும் வேறு யாருடைய வண்டியிலோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஏன் என்பது பிரேக் பாடம் வந்தபோதுதான் புரிந்தது. எட்டி மிதித்தால் முழு பலமும் பெடலுக்குப் போகாது, முதுகு சீட்டில் வழுக்கும்.

பிரேக் பாடம். 60இல் வா, கூம்பு வந்ததும் மிதி. "மிதின்னா கரப்பான்பூச்சியை மிதிக்கற மாதிரி" என்றார் இன்ஸ்ட்ரக்டர். மிதித்தேன். பெடல் காலுக்கடியில் டகடகவென்று உதறியது. ஏதோ முறிந்துவிட்டது என்று சட்டென்று காலை எடுத்துவிட்டேன். ஒன்றும் முறியவில்லை, ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பிரேக் அமைப்பு) வேலை செய்தது, அவ்வளவுதான். பதினாலு வருஷத்தில் அது வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலவே காலை எடுத்தார்கள். "ரோட்டிலயும் இதையேதான் செய்வீங்க. நிக்க வேண்டிய நேரத்துல நீங்களே பிரேக்கை விட்ருவீங்க" என்றார். நாலாவது தடவைதான் கடைசிவரை காலை எடுக்காமல் மிதித்தேன்.

நான் நின்ற இடத்தில் ஒரு கூம்பை வைத்தார். "இப்ப 80ல வாங்க, அதே இடத்துல மிதிங்க. இந்தக் கூம்பைத் தாண்டறப்ப ஸ்பீடு என்னன்னு பாருங்க." 20 கூடுதலாக வருகிறேன், கூம்புப் பக்கம் 20 மிச்சமிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். தாண்டும்போது முள் 50க்கு மேல் நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை கேட்டு வாங்கி ஓட்டினேன். அதேதான்.

அடுத்தது வரிசைக் கூம்புகளுக்கு நடுவில் பாம்பு மாதிரி வளைந்து போவது. ஆறு கூம்பில் மூன்றைச் சாய்த்தேன். "நீங்க கூம்பையே பாக்கறீங்க, வண்டியும் அங்கதான் போகும்" என்றார். திருவள்ளூரில் மாமா எனக்குக் குரங்கு பெடல் பழக்கியபோது சொன்ன அதே வாக்கியம், கூம்புக்குப் பதிலாகச் சாக்கடை. கடந்துகொண்டிருக்கிற கூம்பை விட்டு அதற்கடுத்த இடைவெளியைப் பார்த்ததும் கை தானாகத் திரும்பியது.

டயரைப் பற்றி இன்ஸ்ட்ரக்டர் சொன்னது மனசில் நின்றது. டயரின் பிடிமானத்தைப் பணம் என்று வைத்துக்கொண்டால், அதனிடம் நூறு ரூபாய்தான் இருக்கிறது. பிரேக், திருப்பம், ஆக்சிலரேட்டர் மூன்றும் அதே பணப்பையில்தான் கை விடுகின்றன. பிரேக்குக்கே எண்பது கொடுத்துவிட்டால் திருப்பத்துக்கு இருபதுதான் மிச்சம். அதனால்தான் வளைவுக்குள் போய்ப் பிரேக் அடிக்கிறவன் நேராகப் போய் மண்ணில் இறங்குகிறான்.

மதியம் தயிர்சாதத்துக்குப் பிறகு முழு டிராக். முன்னால் பயிற்சி வண்டி, பின்னால் நாங்கள் நாலு பேர். மஞ்சள் கொடி என்றால் மெதுவாகு, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், நிதானமாகப் பிட்டுக்கு (டிராக் ஓரம் வண்டி நிறுத்துகிற இடம்) வா. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமானவன் வருகிறான். வளைவில் வெளி ஓரத்திலிருந்து வந்து, அவசரப்பட்டுத் திருப்பாமல், உள்முனையைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு விடவேண்டும். சொல்ல ஒரு வரி. செய்ய எனக்குப் பதினைந்து சுற்று ஆயிற்று. ஒரே ஒரு வளைவில் ஒரே ஒரு தடவை சரியாக வந்தது. அப்போது வண்டி சத்தமே போடவில்லை. மற்ற நேரமெல்லாம் டயர் அழுதுகொண்டே இருந்தது. டயர் கத்தினால்தான் வேகம் என்று நினைத்திருந்தேன்.

நாலு மணிச் சுற்றில் நேர்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வயிறு கலங்கிவிட்டது. இரண்டு மூன்று தடவை தட்டித் தட்டி மிதித்து, கியரைக் குறைத்து, எப்படியோ வேகத்தை அடக்கி ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தேன். பிரேக் ஆயில் கொதித்துவிட்டதாம். எப்போது மாற்றியது என்று கேட்டார்கள். மாற்ற வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. என் நாள் அங்கேயே முடிந்தது.

கேள்விகள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.


கோவை_கிளட்ச் | ஞாயிறு இரவு 10.50

அருமைங்க. நம்ம ஊரு செட்டிபாளையம் டிராக்கையும் ஒருக்கா பாருங்க, கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கி.மீ.தான். சின்னதா இருக்கறதனால வேகம் ரொம்ப ஏறாது, புதுசாப் பழகறவங்களுக்கு அதுதான் பரவால்லீங்க. இங்கேயே ரேஸ் கார் கட்டின கரிவர்தன் பேரைத்தான் வெச்சிருக்காங்க. அந்த மனுசன் 1995ல விமான விபத்துல போய்ச் சேர்ந்துட்டாரு.

ரேஸ் ஓட்டறது பொறவியிலயே வரணும்னு ஒரு குரூப் சொல்லும். நம்ம நரேன் கார்த்திகேயன் 2005ல எஃப்1 (ஃபார்முலா 1 ரேஸ்) போனாரு சரி, ஆனா 1992லயே பிரான்ஸ்ல வின்ஃபீல்ட் பள்ளிக்கூடத்துல போய்க் கத்துக்கிட்டவருதானுங்க. பள்ளிக்கூடம் போறதுல வெக்கமே இல்ல.

மலையில ஓட்டறவங்களுக்கு ஒண்ணு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. அங்க போய் வெளி ஓரம், உள்முனைன்னு ஆரம்பிச்சீங்கன்னா எதுக்க வர்ற பஸ்ஸுக்குள்ளதான் போவீங்க. நம்ம பாதி ரோடுதான் நமக்கு. கண்ணை அடுத்த வளைவுல வைக்கறது மட்டும் எங்கயும் செல்லுமுங்க.


பௌதீகம்_மாஸ்டர் (கும்பகோணம்) | திங்கள் காலை 6.15

நல்ல பதிவு. ஒரு திருத்தம், வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்.

நூறு ரூபாயில் எண்பது போனால் மிச்சம் இருபது இல்லை. அறுபது. பிரேக் பின்னோக்கி இழுக்கிறது, திருப்பம் பக்கவாட்டில் இழுக்கிறது. இரண்டும் செங்குத்தான விசைகள், நேரடியாகக் கூட்டக்கூடாது. வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். 80இன் வர்க்கம் 6400, 60இன் வர்க்கம் 3600, கூட்டினால் 10000. அதனால்தான் தேர்ந்த ஓட்டுநர்கள் வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திருப்ப முடிகிறது. ஆனால் நூறையும் பிரேக்குக்கே கொடுத்தால் திருப்பத்துக்குப் பூஜ்யம். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போவது இதனால்தான்.

உங்கள் கூம்புக் கணக்கும் இதே குடும்பம். பிரேக் அழிக்க வேண்டியது வேகத்தின் வர்க்கத்தை. 80இன் வர்க்கத்திலிருந்து 60இன் வர்க்கத்தைக் கழித்தால் 2800, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 53. உங்கள் முள் பொய் சொல்லவில்லை. 100இல் வந்திருந்தால் அந்தக் கூம்பை எந்த வேகத்தில் தாண்டியிருப்பீர்கள்? சரியாக 80! ஒன்பதாம் வகுப்புப் பையன்களிடம் நாளைக்குக் கேட்கப்போகிறேன்.


கியர்மாறி | திங்கள் காலை 8.40

சார், 100இல் வருகிறவன் நான் நிற்கிற இடத்தை 80இல் தாண்டுவானா? ஆஃபீஸ் போகாமல் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


பாலிசி_பாண்டியன் (மதுரை) | திங்கள் மதியம் 1.05

அண்ணே, பெடல் உள்ள போன கதையைப் படிச்சதும் எனக்கு இன்சூரன்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த நேரத்துல சுவத்துல மோதியிருந்தா யார் காசு?

தனியார் கார் பாலிசியை எடுத்து, 'எதற்குப் பயன்படுத்தலாம்' பகுதியைப் படிங்க. பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை இதுக்கெல்லாம் பாலிசி செல்லாதுன்னு போட்டிருக்கும். பயிற்சிங்கிறது பந்தயம் இல்லையேன்னு நாம வாதாடலாம். கிளெய்ம் பாக்கிறவரு ரேஸ் டிராக்குன்னு படிச்ச உடனே மூடி வச்சிருவாரு. போறதுக்கு முன்னால கம்பெனிக்கு மெயில் போட்டு, எழுத்துல பதில் வாங்கிக்கங்க. வாயால 'ஆகும் சார்'னு சொல்றதெல்லாம் செல்லாது. அங்க கையெழுத்து வாங்குற தாளையும் படிச்சுட்டுப் போடுங்க. 'என் உயிருக்கும் உடைமைக்கும் நானே பொறுப்பு'ன்னுதான் பெரும்பாலும் இருக்கும்.

மத்தபடி, இடிஞ்சாலும் பரவாயில்லைன்னு நெனைக்கிற வண்டியை மட்டும் கொண்டு போங்க. தவணை பாக்கி இருக்கிற வண்டி வேணாம்ணே.


மலர்_ரிவர்ஸ் | திங்கள் மாலை 5.30

ரெண்டு கேள்வி. நான் அஞ்சடிக்கும் கம்மி. சீட்டை முன்னாடி தள்ளினா ஸ்டியரிங் நெஞ்சுக்கிட்ட வந்துடுது. அங்க என்ன சொல்றாங்க? அப்புறம், பொம்பளைங்க யாராவது வந்திருந்தாங்களா, இல்ல நான் போனா வேடிக்கை பாப்பாங்களா?


கியர்மாறி | திங்கள் இரவு 9.20

மலர், எங்கள் பேட்சில் மூன்று பெண்கள். ஒருவர் அப்பாவின் வேகன்-ஆரைக் கொண்டுவந்த கல்லூரி மாணவி. நான் சாய்த்த கூம்பு வரிசையில் அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஓட்டக் கற்றே ஒரு வருஷம்தானாம். திருத்துவதற்குக் கெட்ட பழக்கம் எதுவும் சேரவில்லை என்று இன்ஸ்ட்ரக்டர் எங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

உயரத்துக்கு: முதலில் சீட்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ உயர்த்துங்கள், பிறகு முன்னால் தள்ளுங்கள், பிறகு முதுகை நிமிர்த்துங்கள், கடைசியாக ஸ்டியரிங்கை இறக்குங்கள். இந்த வரிசையில் செய்தால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு சாண் இடைவெளி கிடைக்கும் என்றார்கள். ஏர்பேக் விரிய இடம் வேண்டும். மெத்தென்ற தலையணை போட்டு உட்காராதீர்கள், பிரேக் அடிக்கும்போது அதோடு சேர்ந்து நாமும் முன்னால் வழுக்குவோம்.


கிள்ளான்_காரன் (மலேசியா) | திங்கள் இரவு 11.45

இங்கே சிப்பாங்கில் நானும் ஒரு முறை போனேன், 5.5 கி.மீ. டிராக். மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டியது, நம் ஊர் மழை தெரியும்தானே. ரத்து செய்வார்கள் என்று பார்த்தால், "இதுதான் நல்ல நேரம், வாங்க" என்றார்கள். காய்ந்த ரோட்டில் 90இல் தெரிகிற தப்பு, ஈரத்தில் 50இலேயே தெரிந்துவிடும், டயரும் தேயாது. முன்சக்கரம் பிடி விட்டால் நம் கை இன்னும் கூடுதலாகத்தான் திருப்பும். அது தப்பு, கொஞ்சம் திருப்பத்தைக் குறைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்ப வரும். அன்றைக்குப் படித்ததில் இன்னும் மறக்காதது அது ஒன்றுதான்.


சோழவரம்73 | செவ்வாய் காலை 5.50

தம்பி கியர்மாறி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

நான் ரேஸுக்கு எதிரி இல்லை. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், அப்பாவோடு வெயிலில் நின்று பார்த்தவன். 1990இல் டிராக் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது சந்தோஷப்பட்டவன். தீவுத்திடலைச் சுற்றி 2024இல் ராத்திரி ஃபார்முலா 4 ஓட்டினார்களே, அதற்கும் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் கேள்வி இது. இந்தப் பயிற்சி முடித்து வெளியே வருகிறவன் ரோட்டில் நிதானமாக ஓட்டுவானா, இல்லை 'எனக்குத்தான் தெரியுமே' என்று இன்னும் அழுத்துவானா? நார்வேயில் 1979இல் புதிதாக உரிமம் வாங்குகிறவர்களுக்கு வழுக்குத் தரைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால் இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்து கூடியிருந்தது. சறுக்கினால் சமாளிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையில் சறுக்குகிற வேகத்திலேயே போயிருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தவன்தானே ஆழத்துக்குப் போகிறான்.


கோவை_கிளட்ச் | செவ்வாய் காலை 9.10

அதுக்காக நீச்சலே கத்துத்தர வேண்டாம்னு சொல்றீங்களாங்க?


சோழவரம்73 | செவ்வாய் காலை 9.32

இல்லை. கற்றுத்தந்துவிட்டு, கிணறு எவ்வளவு ஆழம் என்பதையும் காட்டு என்கிறேன்.


கியர்மாறி | செவ்வாய் இரவு 10.05

சார், அந்த 53தான் எனக்குக் காட்டிய ஆழம். வேகத்தை ரசிக்கப் போய், வேகத்தைப் பார்த்துப் பயந்து வந்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை நார்வே கதை பொருந்தாது.


டயர்ராஜா (ஈரோடு) | புதன் மதியம் 2.15

ஒர்க்ஷாப் வச்சிருக்கேன், ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4ங்கற வகை ஆயில் புதுசா ஊத்தறப்ப குறைஞ்சது 230 டிகிரி தாங்கணும். ஈரம் சேர்ந்தா 155க்கு வந்துடும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. டிராக்குல நாலு சுத்து அடிச்சா அந்தச் சூடு சுலபமா வரும். கொதிச்சா ஆவி, ஆவி அமுங்கும், அதான் பெடல் பஞ்சு மாதிரி போச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க. ஏற்காடு, ஊட்டி இறங்கறவங்களும்தான்.

ஓட்டி முடிச்ச உடனே ஹேண்ட் பிரேக் போடாதீங்க. ஒரு சுத்து மெதுவா ஓட்டி ஆற விட்டுட்டு, கியர்ல போட்டுக் கல்லு வைங்க. டயர்க் காத்து சூட்டுல அஞ்சாறு பாயின்ட் ஏறும், பயந்துக்கிட்டுக் குறைச்சீங்கன்னா, வீட்டுக்குப் போறதுக்குள்ள ஆறினதும் திரும்ப அடிக்கணும். வீல் போல்ட்டையும் ஒருக்கா டைட் பாருங்க.


கியர்மாறி | மூன்று வாரம் கழித்து, சனி இரவு 11.20

இழையைத் தூசி தட்டுகிறேன். சுந்தரம் சாருக்கு ஒரு வாக்குமூலம் பாக்கி. (சோழவரம்73 என் மாமனாரின் நண்பர், அதனால்தான் பேர் வாயில் வருகிறது.)

போன ஞாயிறு ஏர்போர்ட்டில் மச்சானை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். கத்திப்பாரா மேம்பாலம், அந்தச் சுருள் வளைவு. ராத்திரி, ரோடு காலி. வெளி ஓரத்தில் பிடித்து, கண்ணை முன்னால் வைத்து, உள்முனைக்கு இழுத்தேன். டயர் சத்தமே இல்லை, அவ்வளவு சுத்தம். மனசுக்குள் எனக்கு நானே கைதட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து மனைவி, "வயித்தைக் கலக்குது. உங்களை அந்த டிராக்குலயே விட்டுட்டு வந்திருக்கலாம்" என்றாள். அப்போதுதான் முள்ளைப் பார்த்தேன். பயிற்சிக்கு முன்னால் அந்த வளைவில் நான் போகிற வேகத்தைவிட 20 கூட.

நார்வே எனக்குப் பொருந்தாது என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


பௌதீகம்_மாஸ்டர் | ஞாயிறு காலை 6.05

அந்த 20ஐ வர்க்கம் போட்டுப் பார்த்தீர்களா?


கியர்மாறி | ஞாயிறு காலை 8.00

வேண்டாம் சார்.


சோழவரம்73 | ஞாயிறு காலை 8.25

உண்மையை எழுதியதற்கு நன்றி. பதிலுக்கு நானும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். ஈரோட்டுத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் வண்டியைக் காட்டினேன். ஒன்பது வருஷமாகிறது, பிரேக் ஆயில் ஒரு தடவைகூட மாற்றவில்லை. காபி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. இந்த வண்டியில்தான் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன்.

அடுத்த பேட்ச் எப்போது? வயசு வரம்பு உண்டா? எனக்கு ஏபிஎஸ் உதறுவதை மட்டும் பார்த்தால் போதும், டிராக்கெல்லாம் வேண்டாம்.


கியர்மாறி | ஞாயிறு காலை 8.31

லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருந்தால் போதும் என்றார்கள் சார். நானும் வருகிறேன், புது பிரேக் ஆயிலோடு. ஆறரைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கிறேன். ஸ்டெப்னியை முந்தின நாளே இறக்கி வைத்துவிடுங்கள்.


சோழவரம்73 | ஞாயிறு காலை 8.40

சரி. என் வண்டியில் முருகர். காந்தம் வைத்தவர்தான், கழற்றிவிடலாம். ஆனால் என் வீட்டுக்காரி விடுவாளா தெரியவில்லை.